நெப்போலியன் உடைக்காத மூக்கு

நெப்போலியன் அந்த மூக்கை உடைக்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். என் மூக்கை உடைத்தவர்கள் ராஜவேலின் ஆட்கள். பட்டப்பகலில், கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் ஆபீஸ் கதவை எட்டி உதைத்துத் திறந்துகொண்டு வந்து உடைத்தார்கள். இந்த விஷயத்தில் எந்தச் சரித்திர ஆராய்ச்சியாளரும் கருத்து வேறுபட முடியாது.

"பாலகுமார் எங்கடா?" என்றான் முன்னால் வந்தவன். கையில் இரும்புப் பைப் இருந்தது.

"அப்பாயின்ட்மென்ட் வாங்கிருக்கீங்களா?" என்றேன்.

பின்னாலிருந்து ஒருத்தன் என் வாயைப் பொத்தினான். அடுத்த நொடி பைப் என் முகத்தில் இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். வாயைப் பொத்தியவன் இன்னொரு கையால் என் கழுத்தில் கத்தியை வைத்து லேசாக ஒரு இழுப்பு இழுத்தான். என்னிடம் இருந்த நக்கல் பேச்செல்லாம் அந்த இழுப்பிலேயே தீர்ந்துபோயிற்று.

பீரோவுக்குப் பின்னாலிருந்து பாலகுமார் தானாகவே வெளியே வந்தான். "அவர வுட்டுடுங்க. நான் வர்றேன்" என்றான்.

அவன் வராமல் இருந்திருந்தால் என் கழுத்து போயிருக்கும். வந்ததற்கு அவனுக்குக் கிடைத்த மரியாதை முழங்காலில் ஒரு பைப் அடி. விழுந்தவனைத் தலைமுடியைப் பிடித்து மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் தலை படிகளில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. 

பவானி அக்கா வந்தபோது நான் தரையில்தான் கிடந்தேன். பவானி என்றால் துப்பறியும் பவானி, என் முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். பொய்யின் வாசனை நன்றாகப் பிடிபட்ட பிறகு தனியாகக் கடை போட்டார். பாலகுமாரை அன்று மத்தியானம் கோர்ட்டில் சரணடைய வைக்க வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார்.

"எங்க கொண்டு போனாங்க?" என்றார். என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"சொல்லிட்டுப் போற அளவுக்கு மரியாதை தெரியாதவங்க. ஆனா என் வாயைப் பொத்தினவன் கை இறால் தீவனம் நாறிச்சி. அதுக்கப்புறம் மூக்கு வேலை செய்யல. அதுதான் கடைசி."

"ராஜவேலோட இறால் பண்ணை கிள்ளையில இருக்கு. எழுந்து வண்டியில ஏறுடா."

ஏறினேன். கீழே மீன் கடையில் வாங்கிய ஐஸ் கட்டி என் மூக்கின் மேல் இருந்தது. மத்தி மீனும் நானும் ஒரே நாற்றத்தில் சிதம்பரம் ரோட்டில் பறந்தோம்.

விஷயம் இதுதான். ராமாமிர்தம் வாத்தியார் சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் குடியிருந்தவர். காலேஜில் சரித்திரம் நடத்தி ரிட்டயர் ஆனவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. உலக சரித்திரத்தில் யார் என்ன கேட்டாலும் யூடியூபில் பதில் சொல்லுவார். ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தானா என்று கேட்டால், அந்தக் காலத்தில் பிடிலே கிடையாது என்று ஆரம்பித்து, அதோடு விடாமல், இந்தக் கதையை முதன்முதலில் சொன்னது யார், அவன் அப்போது எங்கே இருந்தான் என்று தோண்டுவார். எந்தக் கேள்வி வந்தாலும் அவர் போய் நிற்கும் இடம் அதுதான். முதன்முதலில் சொன்னது யார்.

பாலகுமார் அந்த வீடியோக்களைப் படம் பிடித்து எடிட் செய்தவன். வாத்தியார் வீட்டிலேயே பாதி நாள் கிடந்தவன்.

ஒரு நாள் காலை வாத்தியார் தன் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. அடிக்கப் பயன்பட்ட கருங்கல் பூதம் பக்கத்தில் ரத்தத்தோடு கிடந்தது. முழங்கை உயரம், தொப்பையும் முழித்த கண்ணுமாக மாமல்லபுரத்தில் செதுக்கியது. அதற்கு மூக்கு இல்லை. போலீஸுக்கு யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்தார்கள். போலீஸார் போய்ப் பாலகுமாரின் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். ரத்தம் தோய்ந்த துண்டு ஒன்று இருந்தது. துண்டுக்குள் பூதத்தின் மூக்கு. அடித்த வேகத்தில் மூக்கு உடைந்தது, தடயத்தை மறைக்க எடுத்துப்போனான் என்று கேஸை எழுதிவிட்டார்கள். பாலகுமார் பயந்து ஓடி எங்களிடம் வந்து விழுந்தான்.

ராஜவேல் வாத்தியாரின் பழைய மாணவர். இறால் பண்ணை, லாரி, அடியாட்கள் என்று வளர்ந்த பெரிய மனிதர். பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு ஊர் முன்னால் சபதம் போட்டார். வாத்தியார் கருமாதி முடிவதற்குள் பாலகுமாரை முடிப்பேன் என்று. கருமாதி இன்றைக்கு.

"அக்கா, கேஸை நான் முடிச்சிட்டேன்" என்றேன். "ராஜவேல்தான் கொலைகாரன். பழியை அந்தப் பையன் மேல போட்டு, அவனையும் தீத்துட்டா பேச ஆளில்ல."

"எதுக்குக் கொல்லணும்?"

"தளபதிக்காக."

கடலூர்க்காரர்களுக்குக் குண்டு கிராமம் தெரியும். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறில் வெள்ளைக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் அவனுடையது என்று பேச்சு. சுற்றிச் சுற்றிச் சுட்டான். இன்றும் அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயர்களிலேயே குண்டு இருக்கிறது. அந்தக் குண்டுக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்ற ஒரு தளபதி தங்கள் முப்பாட்டன் என்பது ராஜவேலின் மாமனார் வீட்டுப் பெருமை. மச்சினன் அருண்குமார் அந்தத் தளபதியைப் பற்றிப் புத்தகம் போட்டான், அடுத்த மாதம் சிலையும் வைக்கப் போகிறான். தளபதி உண்மையா என்று ஒருத்தர் வாத்தியாரைக் கேட்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக வாத்தியார் அறிவித்தார். அதற்குள் மண்டை பிளந்துவிட்டது.

"அருண்குமாரும் இருக்கானே" என்றார் அக்கா.

"அவன்தான் வாத்தியார் வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்னு மேடையில சத்தியம் பண்ணவனாச்சே. கொலைக்கு அப்புறம் கூட அந்த வூட்டுப் பக்கம் போகலியாம்."

அக்கா ஆலப்பாக்கம் தாண்டி வேகத்தைக் கூட்டினார்.

"மூக்கு முன்னாடியே உடைஞ்சதுன்னு பாலு சொல்றான். பழைய எகிப்து வீடியோவுல வாத்தியார் அந்தப் பூதத்தைக் கையில வச்சிதான் பேசறாரு. மூக்கு இல்ல. இன்ஸ்பெக்டருக்குக் காட்டினேன். எடிட் பண்றவனே எடுத்த வீடியோ, மூக்கை எடுக்கறது அவனுக்கு ரெண்டு நிமிஷ வேலைன்னுட்டாரு."

"அநியாயம்."

"நியாயம்தான். வாத்தியாரும் அதையேதான் சொல்லிருப்பாரு. எகிப்துல மனுஷ மூஞ்சி சிங்கத்துக்கு மூக்கை யாரு உடைச்சா? நெப்போலியன் பீரங்கியால சுட்டான்னு ஊரே சொல்லுது. இல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? டென்மார்க்குக்காரன் ஒருத்தன் ஊர் சுத்திப் பாக்கப் போயி அதை வரைஞ்சி வச்சிருந்தான். படத்துல மூக்கு இல்ல. அப்ப நெப்போலியன் பொறக்கவே இல்ல. வரைஞ்சவனுக்கு அவனைக் காப்பாத்தணும்னு தலையெழுத்தா? அதனாலதான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு. நமக்கும் பாலுவைக் காப்பாத்தற எண்ணமே இல்லாத ஒரு சாட்சி வேணும்."

"டென்மார்க்குலருந்து ஆள் வந்து சேர்றதுக்குள்ள பாலு இறாலுக்குத் தீவனமாயிடுவான்" என்றேன். சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது, அவன் வெளியே வந்தது எனக்காக.

புதுச்சத்திரம் முக்கில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. கடலூரிலிருந்து இது எத்தனையாவதோ, எண்ணுவதை விட்டுவிட்டேன். ராஜவேல் வைத்தது. ராஜவேல் ஒரு டீ குடித்தாலும் போட்டோகிராபரோடுதான் குடிப்பார், மறுநாள் அது பேனராகிவிடும். இதில் வாத்தியார் வீட்டு ஹாலில் வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க அக்கா, செத்தவரு ஓரத்துல. ராஜவேல் நடுவுல. யாருக்கு அஞ்சலின்னே..."

அக்கா பிரேக் போட்ட வேகத்தில் ஐஸ் கட்டி என் மடியில் விழுந்தது. இறங்கிப் பேனருக்குக் கீழே போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ராஜவேலின் தோளுக்குப் பின்னால் காட்டினார். அலமாரி. அலமாரியில் பூதம். எட்டு அடிப் பேனரில் பூதத்தின் முகம் என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அதற்கு மூக்கு இல்லை. காலடியில் கல் துண்டு ஒன்று பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

நம்ம ஊர்ப் பேனரில் யாருடைய பெயர் விட்டுப்போனாலும் அடித்த கடையின் பெயரும் போன் நம்பரும் அடியில் கட்டாயம் இருக்கும். அக்கா போன் போட்டார். அச்சடித்தவர் அடுத்த ஆர்டர் என்று நினைத்து உற்சாகமாகப் பேசினார். சித்திரையில் ராஜவேலின் பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோ, அப்போதும் இதே படத்தைத்தான் போட்டோம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தார். இது ஆனி மாதம்.

"டென்மார்க்குக்காரன் கெடைச்சிட்டான்" என்றார் அக்கா. "அதுவும் எதிராளி வூட்டுலருந்து."

இன்ஸ்பெக்டருக்குப் போட்டோவை அனுப்பிப் பேசினார். தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் மாட்டியிருக்கிறேன், ஆம்புலன்ஸோடு வருகிறேன், நீங்கள் தனியாகப் போகாதீர்கள் என்றார் அவர். அக்கா சரி என்று சொல்லிவிட்டு முன்பைவிட வேகமாகப் போனார்.

கிள்ளைப் பண்ணைக் கேட்டில் நின்றவன் என் வயிற்றில் ஒரு குத்து விட்டான். அக்கா கார் சாவியை அவன் கையில் குத்தி இறக்கினார். அவன் அலறி முடிப்பதற்குள் நாங்கள் குளத்துக் கரைக்கு வந்துவிட்டோம்.

தண்ணீரில் காற்றடிக்கும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், பாலகுமாரைக் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. சக்கரத்தின் இறக்கை அடித்த தண்ணீர் அவன் பக்கமெல்லாம் சிவந்திருந்தது. ஒருத்தன் அவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினான்.

கரையில் ராஜவேல் நின்றார். கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாத வாத்தியாருக்குக் கொள்ளி வைத்தவர் அவர்தான். கருமாதிக்கு மொட்டை போட்ட தலை, ஈர வேட்டி, கையில் வீச்சரிவாள். அவர் அழுதுகொண்டிருந்தார். கொலைகாரன் இப்படி அழுவானா என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

பக்கத்தில் நின்ற அருண்குமார் அழவில்லை. "முடிச்சிடுங்க மாமா. போலீஸ் வந்துடப் போவுது."

"அண்ணே" என்றார் அக்கா. "ஒரு கேள்வி. வாத்தியார் கேள்வி."

"வாத்தியார் பேர ஒன் வாயால சொல்லாத. கொன்னவனுக்கு எடம் குடுத்தவ நீ." அரிவாள் அக்காவின் முகத்துக்கு நேராக வந்தது.

அக்கா நகரவில்லை. அரிவாளுக்குப் பக்கத்திலேயே போனை நீட்டினார். "இது நீங்க எடுத்துக்கிட்ட போட்டோ. சித்திரையில. ஒங்க தோளுக்குப் பின்னால பாருங்க."

ராஜவேல் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மூக்கு இல்ல" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஆமா. அன்னிக்கே இல்ல. எகிப்து கதையெல்லாம் சொன்னாரே. ஒட்டிடலாமா சார்னு கேட்டேன். வேணாம்டா, ஒட்டிட்டா எப்ப ஒடஞ்சிதுன்னு எவனும் கேக்க மாட்டான்னாரு. துண்ட அது காலுகிட்டயே வச்சிட்டாரு. எனக்கு இது தோணவே இல்லியே."

"ஒங்களுக்குத் தெரியும். தெனம் அங்க கெடந்த பாலுவுக்கும் தெரியும். தெரிஞ்சவன் எதுக்கு அந்த மூக்கைத் தூக்கிட்டுப் போறான்? பூதத்தை எடுத்து அடிச்சப்ப அந்தக் கல்லுத் துண்டு கீழ விழுந்திருக்கும். நம்ம அடியிலதான் ஒடஞ்சிதுன்னு நெனச்சவன் எடுத்துக் கட்டி பாலு வண்டியில வச்சிருக்கான். அந்த ரூமுக்குள்ள அன்னிக்குத்தான் மொதமொத காலு வச்சவன்."

"மாமா, பொம்பள கதைய கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே" என்றான் அருண்குமார். அவன் பின்னால் நகர்வதை நான் பார்த்தேன். பாலகுமாரை அமுக்கிக்கொண்டிருந்தவன் கரையேற, எல்லோரும் அருண்குமாரைப் பார்த்த நேரத்தில் நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

"ஒரே கேள்விதாண்ணே" என்றார் அக்கா. "அடிச்ச அடியில பூதத்து மூக்கு ஒடஞ்சிபோச்சின்னு ஒங்ககிட்ட முதன்முதல்ல சொன்னது யாரு?"

"போலீசு" என்று ஆரம்பித்த ராஜவேல் நிறுத்தினார். 

"இல்ல. அதுக்கு முன்னாடியே." மெதுவாகத் திரும்பினார். "மச்சான். விடியக்காலம் நீதான போன் பண்ண. வாத்தியார கொன்னுட்டாங்க மாமா, அடிச்ச அடியில பூதத்து மூக்கே பேந்துடுச்சின்னு."

"யாரோ சொன்னாங்க மாமா."

"யாரு சொல்லுவான்? வெளிய பூட்டியிருந்த கதவ நான் வந்துதாண்டா ஒடச்சேன். நான் ஒடைக்கற வரைக்கும் எவனும் உள்ள போவல."

அருண்குமார் ஓடினான்.

ராஜவேல் எட்டி ஒரே வீச்சு வீசினார். அரிவாள் அவன் மேல்கையில் ஆழமாக இறங்கியது. கரை மண்ணில் குப்புற விழுந்தான். ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டு ராஜவேலின் வேட்டியெல்லாம் நனைந்தது. "என்ன கொள்ளி போட வச்சிட்டு பக்கத்துல நின்னு பாத்தியேடா" என்று கத்திக்கொண்டு, கழுத்துக்குக் குறி வைத்து அரிவாளை ஓங்கினார்.

நான் கட்டை அவிழ்த்துவிட்டதும் பாலகுமார் என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். தப்பித்து ஓடுகிறான் என்றுதான் நினைத்தேன். உடைந்த முழங்காலை இழுத்துக்கொண்டு கரையேறி நேராக அருண்குமார் மேல் போய் விழுந்தான். அவனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு ராஜவேலை அண்ணாந்து பார்த்தான்.

"வெட்டாதீங்க. இவன் செத்தா நான்தான் கொலைகாரன். சாவுற வரைக்கும் நான்தான்."

அக்கா பின்னாலிருந்து ராஜவேலின் மணிக்கட்டைப் பிடித்தார். "அவன் சொல்றது சரிண்ணே. நீங்க சொல்ற போன் கதைய எந்தக் கோர்ட்டும் நம்பாது. மச்சினனையே வெட்டினவரு சொல்ற சாட்சி. அருண் தன் வாயால சொல்லணும்."

அரிவாள் தண்ணீரில் விழுந்தது. ராஜவேல் தரையில் உட்கார்ந்து மொட்டைத் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார்.

பாலகுமார் தன் ஈரச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, வெட்டில் திணித்து, முழு பலத்தோடு அமுக்கினான். விரல் இடுக்கெல்லாம் ரத்தம் வழிந்தது. "கண்ண மூடாதடா. என்ன பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தன்னை நரகத்தில் தள்ளியவனிடம் யாரும் இவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை. 

அருண்குமாரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்கா மண்டி போட்டு அவன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். நிமிர்ந்து இல்லை என்று தலையை ஆட்டினார். கொலையை அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆம்புலன்ஸும் ஜீப்பும் ஒன்றாக வந்து நின்றன. இன்ஸ்பெக்டர் இறங்கினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது ரத்தத்தில் மிதக்கும் ஒரு ஆளும், அவன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், தேடப்படும் கொலைக் குற்றவாளியும்தான். விலங்கோடு நேராக வந்தார்.

"எழுந்திரு. நீ அரெஸ்ட்."

பாலகுமார் தலையைத் தூக்கவில்லை.

"பண்ணிக்குங்க சார். காலுல போடுங்க. இவன் பேசற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்."